ஈரல் போன வழி

“அண்ணி, ஒரு சந்தேகம். இது ஈரலா, இல்ல அண்ணன் குழாய்க்குப் போடுற வாஷரா?”

தம்பி ஒரு துண்டை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். அவன் டயர் கடையில் வேலை பார்ப்பவன். ரப்பரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகள், பதினைந்து வயதுக்காரி, வாய்விட்டுச் சிரித்துவிட்டுத் தன் தட்டிலிருந்த துண்டுகளை ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

“சிரிக்காதீங்கடா. டாக்டர் சொன்னதாச்சேன்னு வாங்கிட்டு வந்தேன்” என்று மேஸ்திரி சொன்னார். சொல்லிக்கொண்டே தானும் ஒதுக்கினார். மெல்ல முடியவில்லை. வாடை வேறு மூக்கில் ஏறியது.

அவர் குழாய் வேலை செய்பவர். தெருவில் எல்லாருக்கும் மேஸ்திரிதான். எந்த வீட்டில் எந்தச் சுவருக்குள் தண்ணீர் கசிந்தாலும் அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார். தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகாததால் அவனும் இவர்களோடுதான் இருந்தான். சாப்பாட்டு மேசைக்கு நாற்காலி நான்கு. மூன்றில் இவர்கள் மூவரும் உட்காருவார்கள். நான்காவதில் மேஸ்திரியின் கருவிப் பை உட்கார்ந்திருக்கும். தரையில் வைத்தால் ஈரமாகிவிடும் என்று ஒரு நாள் அங்கே வைத்தது, பிறகு அதுவே அதன் இடமாகிவிட்டது. மனைவி அடுப்புக்கும் மேசைக்குமாக நடந்து பரிமாறுவாள். “நீங்க ஆரம்பிங்க, ஆறிடும்” என்பாள். மேஸ்திரி கண்ணை மூடி, “கடவுளே, இந்த வீட்டுல எல்லாருக்கும் சாப்பாடு குடுத்ததுக்கு நன்றி” என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை.

அன்றைக்கு ஒதுக்கப்பட்ட ஈரல் எல்லாம் ஒரு கிண்ணத்தில் சேர்ந்தது. “வீணாக்க மனசு வருமா?” என்று முணுமுணுத்துக்கொண்டே மனைவி அதைத் தானே மென்று தீர்த்தாள்.

ஈரல் வாங்கியதே அவளுக்காகத்தான். இரண்டு மாடி ஏறுவதற்குள் நடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறாளே என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதில், கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. அதனால்தான் மாதா மாதம் அத்தனை ரத்தப்போக்கு. அறுவை சிகிச்சை செய்து எடுத்தாக வேண்டும். ஆனால் ரத்த அளவு எட்டில் நின்றது. “பத்தாவது இருந்தாத்தான் நான் கத்தியைத் தொடுவேன்” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இரும்புச் சத்து மாத்திரை அவளுக்கு வயிற்றைப் புரட்டியதால் அளவைக் குறைத்துக் கொடுத்து, மீதியைச் சாப்பாட்டில் ஈடுகட்டச் சொன்னார். கீரை, பயறு, முட்டை, வாரம் இரண்டு தடவை ஈரல். மேஸ்திரி அதைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து, புதனும் ஞாயிறும் தவறாமல் அரைக்கிலோ ஆட்டு ஈரல் வாங்கிப் போட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது எட்டு புள்ளி ஆறு. “பரவாயில்லை, ஏறுது. இப்படியே போங்க” என்று டாக்டரம்மா ஒன்றரை மாதம் தள்ளி அறுவை சிகிச்சைக்கு ஒரு தேதியும் குறித்துக் கொடுத்தார்.

மேஸ்திரிக்குச் சந்தோஷம். ஆனால் வீட்டில் வாரம் இரண்டு நாள் வாஷர் கிண்டல் நின்றபாடில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு நேரே கறிக்கடைக்குப் போய்ச் சண்டைக்கு நின்றார்.

“என்னங்க, கிழட்டு ஆடாப் பார்த்துத் தலையில கட்டுறீங்களா? பல்லு உடையுது!”

கறிக்கடைக்காரர் கத்தியைத் துடைத்து வைத்தார். அவர் யாரிடமும் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் கை நடுங்கும், கை நடுங்கினால் விரல் போய்விடும் என்பார்.

“ஆட்டை விடுங்க மேஸ்திரி. தங்கச்சி, நீ எப்படிம்மா செய்யுற?”

“கழுவி, உப்பு மிளகாய் எல்லாம் போட்டுக் குக்கர்ல ஆறு விசில் விடுவேன். அப்புறம் சட்டியில போட்டு அரை மணி நேரம் வதக்குவேன். எனக்கு ரத்தம் ஊறணும்னு டாக்டர் சொன்னது, நல்லா வேகணும்ல?”

கறிக்கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஆறு விசிலா! அது என்ன எலும்பா? ஈரல் பூ மாதிரிம்மா. அதைப் போய் இந்தப் பாடு படுத்தியிருக்கியே!”

பிறகு ஒரு முழு ஈரலை எடுத்துப் பலகையில் போட்டார். “முதல்ல பாரு. பளபளன்னு இருக்கணும், விரல்ல பிசுபிசுன்னு ஒட்டக்கூடாது, வாடை அடிக்கக்கூடாது. இப்போ மேல இருக்கிற சவ்வைப் பாரு, கண்ணாடித்தாள் மாதிரி. இதை உரிக்காம விட்டா சூட்டுல சுருங்கி, ஈரலையும் சேர்த்து இறுக்கிடும். உள்ள வெள்ளையா ஓடுது பாருங்க மேஸ்திரி, குழாய்! உங்க வேலைதான். இதையும் எடுத்துடணும். மெல்லுறப்போ ரப்பர் மாதிரி இருக்கிறது பாதி இதாலதான்.”

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கட்டைவிரல் கனத்துக்கு எல்லாம் ஒரே அளவா நறுக்கு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னா ஒண்ணு வேகும், ஒண்ணு காயும். அரை மணி நேரம் பாலுல ஊறப் போடு. வாடையும் கசப்பும் பாலோட போயிடும். அப்புறம் பாலை வடிச்சிட்டு, துணியால ஒத்தி எடு. ஈரத்தோட போட்டா வறுபடாது, அவியும். வெங்காயத்தைத் தனியா, நிதானமா, பழுப்பா வதக்கி எடுத்து வச்சுக்கோ. அப்புறம் சட்டி நல்லாக் காயட்டும். எண்ணெய் விட்டு, துண்டுகளை ஒண்ணோட ஒண்ணு முட்டாம வை. ஒரு பக்கம் ரெண்டு நிமிஷம், திருப்பி ரெண்டு நிமிஷம். ஒண்ணை வெட்டிப் பாரு. நடுவுல சிவப்பு மறைஞ்ச நிமிஷமே இறக்கிடு. அதுக்கு மேல போற ஒவ்வொரு நிமிஷமும் நீயே அதைக் கெடுக்கிற.”

“உப்பு?”

“கடைசியில. முதல்லயே போட்டா தண்ணியை விட்டு இறுகிடும். வெங்காயத்தைச் சேர்த்து, உப்பு, பொடிச்ச மிளகு, மேல அரை மூடி எலுமிச்சம்பழம். அவ்வளவுதான். சாப்பிட்ட கையோட டீ மட்டும் குடிக்காதே, சத்து உடம்புல ஒட்டாதுன்னு என் வீட்டுக்காரிக்கு டாக்டர் சொன்னாரு.”

அன்று மதியம் அந்த வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்ல! வெங்காயம் பழுக்கும் மணத்துக்கே தம்பி குளிக்காமல் மேசைக்கு வந்துவிட்டான். துண்டுகள் வெளியே மொறுமொறுவென்று, உள்ளே வெண்ணெய் போல இருந்தன. மிளகின் காரம் நாக்கில் ஏறும்போதே எலுமிச்சை அதை இறக்கி வைத்தது. மகள் தட்டைத் துடைத்துத் தின்றாள். மேஸ்திரி மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

“அண்ணி, வாஷர்னு சொன்ன வாயைக் கழுவிட்டேன். இன்னும் ரெண்டு போடுங்க” என்றான் தம்பி.

மனைவியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பல மாதமாகச் சோகை பிடித்து வெளிறிப்போயிருந்த முகம் அது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதே குணமாகிவிட்டது போல மேஸ்திரிக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் புதனும் ஞாயிறும் பண்டிகைதான்.

ஒன்றரை மாதம் கழிந்தது. அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பு ரத்தம் எடுத்தார்கள்.

ஏழு புள்ளி எட்டு.

டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இருந்ததும் போயிருக்கே! சாப்பிடச் சொன்னேனே, சாப்பிடுறாங்களா, இல்லையா?”

“அரைக்கிலோ, வாரம் ரெண்டு தடவைங்க! ஒரு நாள் விட்டதில்ல. கறிக்கடையில வேணும்னா கேட்டுப் பாருங்க” என்று மேஸ்திரி படபடத்தார்.

“கறிக்கடையில கேட்டு நான் என்ன செய்யப்போறேன்? நீங்க வாங்கினதை நான் கேக்கல. அவங்க சாப்பிட்டதைக் கேக்கிறேன்” என்ற டாக்டரம்மா தேதியின் மேல் ஒரு கோடு இழுத்தார். “இந்த அளவுல மயக்க மருந்து குடுத்தா ஆபத்து. இன்னொரு ஆறு வாரம் பார்க்கலாம். அப்பவும் ஏறலைன்னா ரத்தம் ஏத்தித்தான் செய்யணும். அதுவரைக்கும் போற ரத்தம் போயிட்டேதான் இருக்கும், புரியுதா?”

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி முதல் மாடியிலேயே இரண்டு தடவை உட்கார்ந்தாள். மேஸ்திரிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“உனக்கு ஒட்டவே மாட்டேங்குதே! நானும் நாய் மாதிரி அலைஞ்சு வாங்கிப் போடுறேன். எங்கதான் போகுது எல்லாம்? டீ குடிக்காதேன்னா குடிக்கிற. மாத்திரையை மறந்துடுற. உன் உடம்பு மேல உனக்கே அக்கறை இல்லைன்னா நான் என்னதான் செய்யட்டும்?”

அவள் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள்.

மறுநாள் அவர் மறுபடியும் கறிக்கடைக்குப் போய் நின்றார். “உங்க ஈரல்ல சத்தே இல்லைங்க. கல்லு மாதிரி செஞ்சப்போ ஏறுச்சு, நீங்க சொன்ன மாதிரி செஞ்சதும் இறங்கிடுச்சு. பாலுல ஊறப் போட்டு சத்தையெல்லாம் கொட்டிட்டீங்க!”

கறிக்கடைக்காரர் வழக்கம்போலக் கத்தியைக் கீழே வைத்தார். “பாலுல போறது வாடை மேஸ்திரி, சத்து போகாது. அரைக்கிலோ, வாரம் ரெண்டு. அத்தனையும் ஒரு ஆள் தின்னிருந்தா தங்கச்சி உங்களைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறியிருக்கும். ஒண்ணு கேக்கட்டா? அவ சாப்பிடுறதைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?”

“ஏன், தினம்…”

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. மேஸ்திரி யோசித்தார். பரிமாறும் கை நினைவுக்கு வந்தது. அடுப்பின் பக்கம் திரும்பிய முதுகு நினைவுக்கு வந்தது. அவளுடைய தட்டு மட்டும் நினைவுக்கு வரவில்லை. அது என்ன நிறம் என்றுகூடத் தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷம்.

தண்ணீர் கசிகிற வீட்டில் அவருடைய முறை ஒன்றுதான். குழாயை முறைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீரைத் திறந்துவிட்டு, அது போகிற வழியோடு கூடவே போய்ப் பார்க்க வேண்டும். எல்லார் வீட்டிலும் அதைச் செய்தவர், அந்த ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் செய்தார். “தொட்டிக்கு அடியில சொட்டுது” என்று சொல்லி, சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். கால் இரண்டும் வெளியே. கையில் ஒரு ஸ்பேனர், பார்வைக்கு. அங்கிருந்து பார்த்தால் அடுப்பும் மேடையும் நன்றாகத் தெரிந்தன.

“நீங்க எல்லாரும் முதல்ல சாப்பிடுங்க. எனக்கு நேரமாகும்” என்று குரல் கொடுத்தார்.

சட்டியில் ஈரல் சீறியது. இருபத்து நான்கு துண்டுகள். அவரே எண்ணினார்.

“அம்மா, உப்பு சரியா இருக்கான்னு பார்க்கட்டா?” என்று மகள் வந்து இரண்டை எடுத்துக்கொண்டு போனாள். மேசைக்கு ஒரு தட்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் தம்பியின் குரல் வந்தது. “அண்ணி, இன்னும் இருக்கா?”

“இருக்கு, இருக்கு.” கரண்டி மறுபடியும் போயிற்று.

பிறகு அவள் ஒரு தட்டை எடுத்தாள். பெரியதாக, முறியாததாக, நன்றாகச் சிவந்ததாகப் பார்த்துப் பொறுக்கி, ஒன்பது துண்டுகளை அதில் அடுக்கி, வெங்காயத்தை மேலே போட்டு, மூடி வைத்தாள். மேஸ்திரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்பாடா, தனக்கு எடுத்து வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தார்.

சட்டியில் மூன்று துண்டு மீந்திருந்தது. “அம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு!” என்று மகள் வந்தாள். மூன்றும் போயிற்று.

அதற்குப் பிறகு அவள் வெறும் சட்டியில் ஒரு கரண்டிச் சோற்றைப் போட்டாள். ஓரத்தில் ஒட்டியிருந்த வெங்காயத்தையும் கருகலையும் அந்தச் சோற்றால் துடைத்தெடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே நாலு வாய் தின்றாள். அவளுக்குத் தட்டே இல்லை. அதனால்தான் அதன் நிறம் அவருக்குத் தெரியவில்லை. பிறகு மத்தியான டீயை ஊற்றிக்கொண்டு, “ஏங்க, உங்களுக்கு மூடி வச்சிருக்கேன், ஆறிடப்போகுது, வாங்க” என்றாள்.

மேஸ்திரி விருட்டென்று எழுந்தார். தொட்டி நெற்றியில் இடித்தது. வலியும் ஆத்திரமும் ஒன்றாய் வெடித்தன.

“உனக்குப் பைத்தியமா? யாருக்கு வாங்கிட்டு வந்தது இது? எனக்கா கட்டி இருக்கு? சட்டியை வழிச்சுத் தின்னா ரத்தம் ஊறுமா? ஒன்றரை மாசமா இதையேதான் பண்றியா?”

சத்தத்தில் தம்பியும் மகளும் ஓடி வந்தார்கள். வழக்கமாக அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அன்றைக்குக் குனியவில்லை. டீ டம்ளரை மேடையில் ணங்கென்று வைத்தாள்.

“ஆமா, இதைத்தான் பண்றேன். கல்லு மாதிரி இருந்தப்போ யாருமே தொடல, நான் தின்னேன். வீணாகுதேன்னு தின்னேன். நல்லா வந்ததும் ஆளாளுக்குக் கேட்டீங்க. இவளுக்கு ஒண்ணு, தம்பிக்கு ரெண்டு, உங்களுக்கு மூணு தடவை. ‘இது எனக்குன்னு வாங்கினது, தர மாட்டேன்’னு எந்த வாயால நான் சொல்லுவேன்? என் கையால செஞ்சதை இந்த வீட்டுல ஒருத்தராவது இவ்வளவு ஆசையாக் கேட்டு நான் பார்த்ததில்ல. ‘நீ சாப்பிட்டியா?’ன்னு உங்கள்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒரு நாள் கேட்டிருந்தா, பொய் சொல்லத் தெரியாம நானும் ஒரு துண்டு தின்னிருப்பேன்.”

தம்பி கையிலிருந்த பாதித் துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான். மகளின் கண் நிறைந்துவிட்டது.

மேஸ்திரி மூடியிருந்த தட்டைத் திறந்தார். ஒன்பது துண்டு. வீட்டிலேயே பெரிய கசிவு அவருடையதுதான். ஊரில் எல்லார் சுவரையும் இடித்துப் பார்த்தவர், கடையை, ஆட்டை, பாலை, அவளையே குறை சொன்னவர், தன் தட்டை மட்டும் பார்க்கவில்லை. ‘எல்லாருக்கும் சாப்பாடு குடுத்ததுக்கு நன்றி’ என்று எத்தனை ஆயிரம் தடவை கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்! கண்ணைத் திறந்து பார்க்கவில்லையே. கடவுளிடமே இத்தனை வருஷம் தப்புக் கணக்கு ஒப்பித்திருக்கிறோமே என்று அவருக்கு உடம்பு கூசியது.

அவர் நேரே மேசைக்குப் போனார். நான்காவது நாற்காலியிலிருந்த கருவிப் பையைத் தூக்கித் தரையில் வைத்தார். உள்ளே இரும்பு கலகலத்தது. அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார்.

“வா. உட்காரு.”

“நீங்க முதல்ல…”

“உட்காருங்கிறேன்ல!”

அதட்டலாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே நாற்காலியை அவளுக்காகப் பின்னால் இழுத்துவிட்டார். அவள் நாற்காலியின் நுனியில், யாரோ வீட்டுக்கு விருந்துக்கு வந்தவள் போல உட்கார்ந்தாள். அவர் அந்த ஒன்பது துண்டையும் அவள் தட்டில் போட்டார். அவள் கை பழக்கத்தில் ஒரு துண்டை எடுத்து மகள் பக்கம் நீட்டியது.

“அண்ணி, வால்வை மூடுங்க!” என்று தம்பி கத்தினான்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவளும்கூட. மகள் அம்மாவின் கையைப் பிடித்து, அந்தத் துண்டை அம்மாவின் வாய்க்கே திருப்பிவிட்டாள். டீ டம்ளரைத் தம்பி சத்தமில்லாமல் எடுத்துத் தானே குடித்துவிட்டான்.

அவள் மென்றாள். நெடுநேரம் மென்றாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள், முதல் தடவை தெரிந்துகொண்டவள் போல. உண்மையிலேயே அன்றுதான் அவளுக்கு அது தெரிந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான்கு தட்டு வைத்த பிறகுதான் நன்றி சொல்லப்பட்டது. அதையும் மேஸ்திரி கண்ணைத் திறந்துகொண்டே சொன்னார். புதனும் ஞாயிறும் அவரே சவ்வை உரித்தார். முதல் இரண்டு வாரம் பாதியைக் கருக்கினார். “இப்போ யார் வாஷர் போடுறா?” என்று தம்பி கேட்டான். கருகியது அவர் தட்டுக்கு, நல்லது அவள் தட்டுக்கு என்று தீர்ப்பானது. உட்கார்ந்து சாப்பிடப் பழகுவதற்குத்தான் அவளுக்கு நாளாயிற்று. ஒரு வாய் தின்பாள், எழுந்திருக்கப் பார்ப்பாள், மூன்று பேரும் ஒரே குரலில் “உட்காரு!” என்பார்கள்.

ஆறு வாரம் கழித்து வந்த தாளில் பத்து புள்ளி ஒன்று என்று இருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “என்ன மேஸ்திரி, புதுசா என்ன மருந்து குடுத்தீங்க?”

“மருந்து ஒண்ணும் இல்லம்மா. தட்டு ஒண்ணு கூடப் போட்டோம்.”

அறுவை சிகிச்சைக்கு அடுத்த வாரமே தேதி கிடைத்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள். வரிசையில் ஒரு ஆள், கையில் மாத்திரைச் சீட்டோடு, பக்கத்தில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த மனைவியிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். “பழம், முட்டை, கறி, எதை நான் வாங்கிப் போடல? உனக்கு ஏறவே மாட்டேங்குது! என்னை என்னதான் செய்யச் சொல்ற?” அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரியின் கால் நின்றுவிட்டது. மனைவி அவர் கையை இழுத்தாள். “வாங்க, நமக்கெதுக்கு?”

“இரும்மா. எனக்கு ஒருத்தர் சொன்னதை நான் இன்னொருத்தருக்குச் சொல்லலைன்னா பாவம்.” அவர் அந்த ஆளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நானும் போன தடவை இங்கேருந்து வீட்டுக்குப் போய் இதே மாதிரி கத்தினவன்தான். ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அவங்க சாப்பிடுறதைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?”

அந்த ஆள், “ஏன், தினம்…” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவருக்கும் வரவில்லை.

“வாங்கிப் போட்டா நம்ம கடமை முடிஞ்சிடாதுண்ணே” என்றார் மேஸ்திரி மெதுவாக. “சமைக்கிறவளை நம்ம கூட உட்கார வச்சு, அவ தட்டுல முதல்ல போட்டு, அவ தின்னு முடிக்கிறதைக் கண்ணால பார்க்கணும். அதுக்கு முன்னாடி நாம தின்னா, அது அவ ரத்தம்ணே.”

தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து, மேஸ்திரியை இல்லை, தன் கணவனைப் பார்த்தாள்.